ரெண்டாவது வாரத்து டிக்கெட்

கேள்வி: தீபாவளி, பொங்கல் என்றால் முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த இரண்டு வருடமாக அப்படிப் போன பெரிய படங்களில் பாதி, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசிக்க வைத்தன. ஊரே மெச்சும் சின்னப் படங்களுக்குக் கிளம்புவதற்குள் தியேட்டரை விட்டுத் தூக்கிவிடுகிறார்கள். எதை எப்போது பார்ப்பது? ஒரு வழி சொல்லுங்கள் சார்.
— வாசகர், திருச்சி

பதில்: நான் ரெண்டாவது வாரத்து ஆள். ஒரு வெள்ளிக்கிழமை வந்த படத்தை அடுத்த வாரத்துச் செவ்வாய், புதன் மாலைக் காட்சியில்தான் பார்ப்பேன். அதற்குள் காகிதம் கிழித்து வீசுகிறவர்கள் வீசி முடித்திருப்பார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்துத் திரையைப் படம் எடுக்கிற தம்பிமார்கள் வேறு படத்துக்குப் போயிருப்பார்கள். வசனம் காதில் விழும். இதெல்லாம் வசதிக்காகச் சொல்வது. காரணம் வேறு. முதல் மூன்று நாள் வருகிற கூட்டம் போஸ்டரைப் பார்த்து வந்த கூட்டம். ரெண்டாவது வாரம் வருகிறவர்கள், படம் பார்த்த யாரோ ஒருவர் சொல்லி வந்தவர்கள். படம் நிற்குமா என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2024 செப்டம்பர் 20-இல் 'லப்பர் பந்து' வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். ஹரிஷ் கல்யாண், 'அட்டகத்தி' தினேஷ் இரண்டு பேருமே கட்-அவுட் வைத்துப் பாலூற்றுகிற ரகம் கிடையாது. ஊர் மைதானத்தில் லப்பர் பந்து கிரிக்கெட் ஆடும் நடுவயதுக்காரன் ஒருவன், அவனுக்கு எதிராகப் பந்து போடும் இளைஞன் ஒருவன், அந்த இளைஞன் காதலிப்பது இவன் மகளை. கதை இவ்வளவுதான். ஆனால் யாரை அணியில் சேர்ப்பது, யாரை ஓரமாக நிறுத்துவது என்பதில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பிரசங்கம்கூட இல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே காட்டிவிட்டார்கள். ஸ்வாசிகா செய்த யசோதை மாதிரி ஒரு மனைவி, மாமியார் பாத்திரம் தமிழ்ப் படத்தில் வந்து ரொம்ப நாளாயிற்று. கிரிக்கெட் தெரியாத பெண்கள் இந்தப் படத்துக்குக் கூட்டமாக வந்தது அவளுக்காகத்தான் என்பது என் கணிப்பு. இதற்கெல்லாம் முதல் நாள் விளம்பரம் என்ன செய்துவிட முடியும்? ஒருத்தி பார்த்துவிட்டு வந்து பக்கத்து வீட்டில் சொன்னால்தான் உண்டு.

அதே வருடம் ஜூனில் வந்த 'மகாராஜா'வும் அப்படித்தான். விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம், நித்திலன் சாமிநாதனுக்கு இரண்டாவது. முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு வந்து, 'லட்சுமி'யைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. அங்கிருந்து காலத்தை முன்னும் பின்னுமாகக் குலுக்கிப் போட்டுக் கதை போகிறது. அந்தக் கடைசி முடிச்சைப் பார்த்தவர்கள் வெளியே சொல்லாமல் காப்பாற்றினார்கள். நம் ஊர் ரசிகர்களிடம் நான் எதிர்பார்க்காத நாகரிகம் அது. அந்த நவம்பரில் படம் சீனாவுக்கும் போய் ஓடியது.

2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வும் சசிகுமார், சிம்ரன் நடித்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒரே நாளில் வந்தன. முதல் நாள் எது பெரிய படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ரெண்டாவது வாரம் ஊர் எதைப் பேசியது என்பதிலும்தான்.

நீங்கள் சொல்கிற அவசரத்துக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பொதுவாக முதல் வார வசூலில் விநியோகஸ்தரின் பங்கு அதிகம். வாரம் போகப் போகத் தியேட்டர்காரரின் பங்கு கூடும். அப்படிப் பார்த்தால் தியேட்டர்காரர் ரெண்டாவது, மூன்றாவது வாரத்தைத்தான் கெஞ்சிக் கூத்தாடி வைத்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரும் பெரிய படத்துக்கு எல்லாக் காட்சியையும் தந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவரால் முடிவதில்லை. வழி கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன்: உங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு சின்னப் படம் பகல் காட்சியிலிருந்து மாலைக் காட்சிக்கு மாற்றப்பட்டால் யோசிக்காமல் கிளம்புங்கள். எந்த விமர்சகரைவிடவும் தியேட்டர் மேனேஜரின் கை நாணயமானது. அவர் பணத்தை வைத்து அபிப்பிராயம் சொல்கிறார்.

கேள்வி: முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்களே, அது நியாயமா? நீங்கள் ரெண்டாவது வாரம் எழுதுகிறவர். உங்களுக்கு இது சாதகம்தானே?
— வாசகர், மதுரை

பதில்: குத்தலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. எனக்குச் சாதகம் என்பதற்காக அடுத்தவர் வாயைக் கட்டச் சொல்வேனா? 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த பிறகு இந்தப் பேச்சு பெரிதானது. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று முதலில் கேட்டார்கள். பிறகு முதல் மூன்று நாளுக்குத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. நீதிமன்றம் தடை போடவில்லை. சரியான முடிவு. நூற்றி ஐம்பது ரூபாய்க்குமேல் கொடுத்து உட்கார்ந்தவனுக்கு, வெளியே வந்து நன்றாயில்லை என்று சொல்ல உரிமை உண்டு. காசு வாங்கும்போது மூன்று நாள் பொறுக்கிறார்களா?

இடைவேளையிலேயே மைக்கை மூக்குக்கு நேரே நீட்டுவது எனக்கும் ஆகாது. மைக் பார்த்தால் மனிதன் கத்துவான். நல்ல படத்துக்கு "வேற லெவல்" என்றும் கெட்ட படத்துக்கு "தலைவலி" என்றும் கத்துவான். அதில் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆனந்த விகடனில் மார்க் போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 1977-இல் '16 வயதினிலே'வுக்கு 62.5 கொடுத்தார்கள். அவர்கள் கையில் அதுவே மலை அளவு மார்க். அந்தப் பத்திரிகை கடைக்கு வருவதற்குள் படம் வந்து சில நாளாகியிருக்கும். அதற்காகக் காத்திருந்த வீடுகள் இருந்தன. அப்படிக் காத்திருக்கும் வாசகனை யாராவது இன்று உண்டாக்கினால் மைக் தானாகக் கீழே இறங்கிவிடும். வழக்குப் போட்டு இறக்க முடியாது.

நட்சத்திரம் ஏன் கொடுப்பதில்லை என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கொடுத்தால் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது. பேரன் கட்டாயத்தில் பெரிய படங்களுக்குப் போகிறேன். சத்தம் தாங்க முடியவில்லை. வயதுக் கோளாறு என்கிறான். உண்மையா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை அம்மா, உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. 'கங்குவா' வந்த முதல் நாளே சத்தம் பற்றிப் புகார் குவிந்து, ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அப்போது வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

அந்தப் 'புள்ளி' என்னவென்றால், தியேட்டரின் ஒலிக் கருவியில் 7 என்று ஓர் அளவு உண்டு. ஒலிக்கலவை செய்யும் அறையில் அந்த 7-இல் வைத்துத்தான் படத்தைக் கேட்டு முடிப்பார்கள். தியேட்டரிலும் 7-இல் வைத்தால் இயக்குநர் கேட்டதை நாமும் கேட்போம். ஆனால் எல்லாரும் சத்தமாகக் கலக்க ஆரம்பித்தார்கள். ரசிகர்கள் முறையிட்டதும் தியேட்டர்காரர் 5-க்கு இறக்கினார். இறக்குவார் என்று தெரிந்து அடுத்தவர் இன்னும் சத்தமாகக் கலந்தார். இந்த இழுபறியில் அடிபட்டது வசனம். சண்டையில் காது கிழிகிறது, அடுத்த காட்சியில் அம்மா பேசுவது கேட்கவில்லை. படத்தில் எல்லாருமே கத்திக்கொண்டிருந்தால் ஒலியைக் குறைப்பதாலும் பெரிய பயன் இல்லை. 'கங்குவா'வில் அதுதான் நடந்தது.

அரங்கத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நட்டநடு இருக்கையில் உட்காருங்கள். ஓரச் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கிக்குக் கீழே வேண்டாம். தாங்கவில்லையென்றால் இடைவேளையில் மேனேஜரிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் போய்ச் சொன்னால் பெரும்பாலும் குறைப்பார்கள். பேரனிடமும் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: சத்தம்தான் பிரச்சினை என்கிறீர்கள். இசையே இல்லாத 'கொட்டுக்காளி'யைப் பார்த்தேன். ஆட்டோவில் போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் முடிவும் இல்லை. இதை மேதாவிகள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள். இது படமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: படம்தான். உங்கள் கோபமும் நியாயம்தான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. இரண்டாவது படமான 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23-இல் இங்கே தியேட்டருக்கு வந்தது. தயாரித்தவர் சிவகார்த்திகேயன், நடித்தவர் சூரி. இந்த இரண்டு பெயரையும் போஸ்டரில் பார்த்து வந்தவர் சிரிக்கத் தயாராக வந்திருப்பார். அவருக்குக் கிடைத்தது தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரக்கும் குரலில் சீறுகிற ஒரு முரட்டு முறைமாப்பிள்ளை. ஏமாற்றம் வராமல் என்ன செய்யும்?

இனி படத்துக்கு வருவோம். வேறு சாதிப் பையனை விரும்பியதால் பெண்ணுக்குப் 'பேய் பிடித்துவிட்டது' என்று முடிவு கட்டி, பூசாரியிடம் கூட்டிப்போகிறது ஒரு குடும்பம். அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் படம் முழுக்க அநேகமாக ஒரு வரிக்கு மேல் பேசுவதில்லை. பலியிடக் கொண்டுபோகும் சேவலும் அவளோடு பயணம் செய்கிறது. நடுவில் வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. ஆட்டோவிலும் வண்டியிலும் வந்த வீரமான ஆண்கள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். பின்னணி இசை இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வயலின் நம்மைச் சிரிக்கச் சொல்லியிருக்கும், அல்லது கைதட்டச் சொல்லியிருக்கும். அது இல்லாததால் நாமே முடிவு செய்கிறோம். நான் பார்த்த காட்சியில் அந்த இடத்தில் ஒரு பெண்மணி மட்டும் சத்தமாகச் சிரித்தார். மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவு இல்லை என்கிறீர்கள். பூசாரி இன்னொரு பெண்ணுக்கு என்ன 'வைத்தியம்' செய்கிறான் என்பதைச் சூரியின் பாத்திரம் பார்த்துவிடுகிறது. பார்த்தபின் அவன் என்ன செய்வான் என்பதை வினோத்ராஜ் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பீர்கள். ஒரு வருடம் கழித்துக் கோபமாகக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: 'மெய்யழகன்' படத்தில் வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்களே, நீங்கள் பார்த்தது எது? வெட்டியது நல்லதுதானா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ரெண்டாவது வாரத்து ஆளுக்கு வந்த நஷ்டம் இது. நான் போவதற்குள் கத்தரி போட்டுவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவாக இருந்த படம் சுருங்கிவிட்டது. முழுசாகப் பார்த்த நண்பர்கள் "அந்த ராத்திரிப் பேச்சு..." என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு 'இந்தியன் 2'-இலும் சுமார் 12 நிமிடம் வெட்டினார்கள். வெட்டியதைப் பார்த்தவருக்கும் வெட்டாததைப் பார்த்தவருக்கும் அபிப்பிராய பேதம் ஏதும் இல்லை. அங்கே சிக்கல் நீளத்தில் இல்லையே. 'மெய்யழகன்' வேறு சங்கதி. இருபது வருடத்துக்குமுன் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர் (அரவிந்த்சாமி) ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அத்தான் அத்தான் என்று உயிரை விடுகிற ஒரு சொந்தக்காரன் அவரைப் பிடித்துக்கொள்கிறான். அவன் பெயர்கூட இவருக்கு நினைவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம். பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு ராத்திரி அவன் வீட்டில் தங்குகிறார். இந்தக் கதையில் சம்பவம் எங்கே இருக்கிறது? பேச்சுதான் சம்பவம். 2018-இல் '96'-இலும் இதே இயக்குநர் பிரேம்குமார் ஒரே ராத்திரியைத்தான் எடுத்தார். பேசித் தீராத ஒருவனைப் பற்றிய படத்தில் பேச்சைக் குறைப்பது எப்படிப் பொருந்தும்? உங்கள் ஊர்ப்பக்கத்து விருந்தில் இலையை மூடியவர்தான் எழுந்திருக்க வேண்டும். பரிமாறுகிறவர் பாதியில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

ஆனாலும் ஒன்று. அரவிந்த்சாமி தங்கச்சிக்கு மேடையில் நகை போடுகிற காட்சியில் ஒரு நொடிகூடக் குறையவில்லை என்று முழுப் படம் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த மட்டுக்கும் கத்தரி போட்டவர் மனிதர்.

கேள்வி: மாரி செல்வராஜ் ஒரே படத்தைத்தானே திரும்பத் திரும்ப எடுக்கிறார்?
— வாசகர், ஈரோடு

பதில்: ஒரே மண்ணைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. ஐந்து படங்களிலும் மையத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பரியன் படிக்கப் போகிறான், எதிரில் இருப்பவரோடு உட்கார்ந்து பேச முடியுமா என்று பார்க்கிறான். கர்ணன் வாளை எடுக்கிறான். 'மாமன்ன'னில் உட்கார நாற்காலி கேட்பதே போராட்டம். 'வாழை'யில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனுக்குப் பசி தவிர வேறு அரசியல் தெரியாது. அதனால்தான் ஐந்திலும் அது எனக்கு மேலானதாகப் படுகிறது.

2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' நிஜ மனிதர் ஒருவரிடமிருந்து கிளம்பியது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். படத்தில் அவரை வைத்து எழுதிய பையன் ஓடுவது ஒரு பக்கம். ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு தலைவர்கள் இன்னொரு பக்கம். அந்த இருவரையும் மாரி வில்லன்களாக வரையவில்லை என்பதுதான் முக்கியமான மாற்றம். இருவருக்கும் இந்தப் பையன் ஆடிவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அவர்கள் பெயரைச் சொல்லி வெட்டிக்கொள்கிற கூட்டம்தான் குறுக்கே நிற்கிறது. இதை 2018-இல் அவர் எழுதியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

குறை உண்டு. பையனுக்குத் தடை, மீட்சி, மறுபடி தடை என்று ஒரே சுற்று ஒன்றிரண்டு தடவை அதிகம். காதல் பகுதி ஒட்டவில்லை. துருவ் விக்ரம் உடம்பை வருத்தி ஆடியிருக்கிறார், கபடி ஆடுகிறவனாகவே தெரிகிறார். ஆனால் படத்தைத் தோளில் சுமந்தவர் அப்பாவாக வந்த பசுபதி. மகன் ஆடக் கூடாது என்று தடுப்பதும் பயத்தில், ஆடட்டும் என்று விடுவதும் பயத்தில். இரண்டு பயத்துக்கும் வேறு வேறு முகம் வைத்திருக்கிறார்.

கேள்வி: 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் எங்கட பேச்சைச் சரியாச் செய்தவையோ? நாங்கள் இஞ்ச இருந்து பாக்கேக்க சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இதற்கு மார்க் போட வேண்டியவர் நீங்கள்தான். என் காதுக்கு சசிகுமார் இடையிடையே மதுரைக்குத் திரும்பிவிடுகிறார், சிம்ரன் ஆச்சரியமாக ஒட்டி நிற்கிறார், கடைக்குட்டிப் பையன் கமலேஷ் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். 'தெனாலி'யில் கமல் அந்தப் பேச்சை வைத்துச் சிரிக்க வைத்து 25 வருடம் ஆகிறது. இதில் பேச்சு சிரிப்புக்கான சரக்கு இல்லை. வாயைத் திறந்தால் பிடிபடுவோம் என்ற பயம் அந்தப் பேச்சில் இருக்கிறது. யாராவது கேட்டால் கேரளா என்று சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த யோசனை சிரிப்பாகவும் வலியாகவும் வேலை செய்கிறது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம் என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஒரு மனக்குறை. இலங்கையின் 2022 நெருக்கடியில் ராமேசுவரக் கரைக்கு வந்தவர்களை மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அந்த முகாமின் வாசலைப் படம் எட்டிப்பார்க்கவே இல்லை. இறங்கிய கரையிலேயே ஒரு நல்ல போலீஸ்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார், சென்னையில் ஒரு தெருவே நல்லதாக இருக்கிறது. நல்லவர்களாலேயே நிரம்பிய தெருவை எழுத வேண்டும் என்று தோன்றியதற்காக அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது நாற்பது வருடமாக முகாமில் இருப்பவர்களைப் பற்றி இன்னொருவர் எடுக்கட்டும்.

கேள்வி: 'கூலி'க்குப் பத்து வயது மகனைக் கூட்டிப்போனேன். வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சூப்பர் ஸ்டார் படத்துக்குக் குழந்தைகள் போகக்கூடாதா? அநியாயம்!
— வாசகர், வேலூர்

பதில்: 'ஏ' சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் கீழே யாரையும் விடக்கூடாது, அப்பா கூட வந்தாலும். வாசலில் நின்றவர் சட்டப்படி நடந்திருக்கிறார். யு/ஏ வாங்கித் தர வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, கிடைக்கவில்லை. யு/ஏ-விலும் இப்போது 7, 13, 16 என்று மூன்று படி வந்திருக்கிறது. அது பெற்றோருக்கான எச்சரிக்கை, முடிவு உங்கள் கையில். டிக்கெட் எடுக்கும்போது படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும், பாருங்கள்.

உங்கள் பையன் பெரிதாக எதையும் இழக்கவில்லை. சௌபின் சாஹிரும் ரச்சிதா ராமும் வருகிற காட்சிகளை எடுத்துவிட்டால், ஒரே ராத்திரியில் 'கைதி' எடுத்த லோகேஷ் கனகராஜைப் படத்தில் தேட வேண்டியிருந்தது. பையனுக்கு 'பறந்து போ' போட்டுக் காட்டுங்கள். ராம் இயக்கி, சிவா நடித்தது. வீட்டுக்குள் பூட்டிவைக்கப்பட்ட ஒரு பையன் அப்பாவை மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிறான். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

கேள்வி: பன்னிரண்டு வருடம் பெட்டியில் கிடந்த 'மதகஜராஜா' எப்படி ஓடியது?
— வாசகர், சேலம்

பதில்: 2025 பொங்கலுக்கு 'விடாமுயற்சி' தள்ளிப்போனது, களம் காலி. அது பாதிக் காரணம். மீதி, சந்தானம் நகைச்சுவை செய்து நாம் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மறைந்த மனோபாலாவைத் திரையில் பார்த்ததும் அரங்கம் சிரித்ததே, அந்தச் சிரிப்பில் வேறு என்னவோவும் கலந்திருந்தது.

கேள்வி: 2026 பொங்கலுக்கு 'ஜன நாயகன்', 'பராசக்தி' இரண்டும் அறிவித்திருக்கிறார்கள். எதற்குப் போவீர்கள்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டுக்கும், ரெண்டாவது வாரம்.

விஜய்யின் கடைசிப் படம் என்று அறிவித்துவிட்டதால் 'ஜன நாயகன்' முதல் வாரம் படமாக இருக்காது, திருவிழாவாக இருக்கும். திருவிழாவை விமர்சனம் செய்ய முடியாது. எனக்கு ஆவல் எச். வினோத் மேல். 'சதுரங்க வேட்டை', 'தீரன் அதிகாரம் ஒன்று' இரண்டிலும் தகவலையே விறுவிறுப்பாக மாற்றத் தெரிந்த ஆள். ஒரு மோசடி எப்படி நடக்கிறது, ஒரு புலனாய்வு எப்படி நகர்கிறது என்று அவர் காட்டினால் வாய் பிளந்து பார்ப்போம். நட்சத்திரத்தின் விடைபெறும் உரைக்கு நடுவில் அந்த வினோத்துக்கு எத்தனை காட்சி மிஞ்சியிருக்கும் என்பதே என் கேள்வி.

'பராசக்தி' என்ற பெயருக்கு ஒரு பாரம் உண்டு. 1952-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, கலைஞர் வசனத்தில் சிவாஜி அறிமுகமான படம். அந்தப் பெயரை எடுத்தால் வசனம் தெறிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சுதா கொங்கரா எடுத்துக்கொண்ட களம் 1960-களின் இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டம். அறுபது வருடமாக மேடையில் கேட்ட கதையை நம் சினிமா நேராகத் தொட்டதே அரிது. எனக்குப் பயம் ஒன்றுதான். அந்த மாணவர்கள் விடுதி அறையில் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், வீட்டுக்கு என்ன பொய் சொல்லிவிட்டு ஊர்வலத்துக்குப் போனார்கள் என்பதெல்லாம் இருந்தால் படம் நிற்கும். ஆளுக்கொரு சொற்பொழிவு கொடுத்துவிட்டால் போய்விடும். சுதாவின் 'சூரரைப் போற்று' 2020-இல் கொரோனா காலத்தில் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. தேசிய விருதுகளை அள்ளிய படத்தைப் பெரிய திரையில் பார்க்காத தலைமுறை நாம். அந்தக் கடனை இதில் அடைக்கட்டும்.

கேள்வி: நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்குத் தியேட்டர்? உங்கள் ரெண்டாவது வாரத்துக்கு நாலாவது வாரம் எவ்வளவோ மேல்!
— கல்லூரி மாணவர், சென்னை

பதில்: நாலாவது வாரம் வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாய் தம்பி. நடுவில் கூரியர்காரர் வருவார். 'கொட்டுக்காளி'யை அப்படிப் பார்த்தால் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவாய்.

ஆனால் உன் கணக்கில் பிழை இல்லை. தமிழில் நாலு வாரம் வழக்கமாகிவிட்டது. இந்தியில் எட்டு வாரம் விட்டால்தான் தேசிய அளவிலான மல்டிபிளெக்ஸ்கள் படத்தை எடுத்துக்கொள்கின்றன. 'தக் லைஃப்' எட்டு வாரம் என்று சொல்லித்தான் 2025 ஜூன் 5-இல் வந்தது. ஓடவில்லை என்றதும் ஜூலை தொடக்கத்திலேயே ஓடிடியில் ஏறிவிட்டது. 1987-இல் 'நாயகன்' எடுத்த மணிரத்னம், கமல் இருவரும் 38 வருடம் கழித்துச் சேர்ந்த படத்துக்கு இந்தக் கதி. படமும் அதற்கு ஏற்றதாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம். ஒரு பக்கம் இப்படி, இன்னொரு பக்கம் 20 வருடம் கழித்து 2024-இல் 'கில்லி'யை மறுபடி போட்டபோது தியேட்டர் ஆடிப்போனது. வீட்டில் எத்தனையோ தடவை டிவியில் பார்த்த படம். உன் வயதுக்காரர்கள்தான் டிக்கெட் எடுத்தார்கள். எதற்குத் தியேட்டர் என்று அவர்களைக் கேள்.

கேள்வி: 'வாடிவாசல்' எப்போதுதான் வரும்?
— வாசகர், அலங்காநல்லூர்

பதில்: அலங்காநல்லூரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்குப் பொய் சொல்ல முடியாது. 2020-இல் அறிவித்தார்கள். வெற்றிமாறன் நடுவில் 'விடுதலை'யை இரண்டு பாகமாக முடித்தார், பிறகு சிம்புவோடு 'அரசன்' என்றார்.

தாமதத்தில் எனக்கு வருத்தம் குறைவு. புத்தகத்திலிருந்து படம் எடுப்பதில் அவருக்கு ஒரு தனி வழி இருக்கிறது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' 'விசாரணை' ஆனது, பூமணியின் 'வெக்கை' 'அசுரன்' ஆனது. ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதை இரண்டு பாகப் படமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 'விடுதலை' முதல் பாகத்தில் சூரியின் குமரேசன் மலைப்பாதையில் ஜீப் ஓட்டிக்கொண்டு, கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்கிறான். நாமும் அவனோடு புரிந்துகொள்கிறோம். இரண்டாம் பாகத்தில் பெருமாள் வாத்தியார் விளக்கிச் சொல்கிறார், நாம் குறிப்பெடுக்கிறோம். என் ஓட்டு முதல் பாகத்துக்கு.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லில் விளக்கிச் சொல்ல யாருமே இல்லை. ஒரே பகல், ஒரு ஜல்லிக்கட்டு. அப்பாவைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைக்க பிச்சி வந்து நிற்கிறான். மச்சான் மருதன் கூட இருக்கிறான், கூட்டத்தில் ஒரு கிழவன் பேச்சுக் கொடுக்கிறான், மேலே ஜமீன்தார் உட்கார்ந்திருக்கிறார். மாட்டைவிட அந்த மேல் இருக்கை பயங்கரமானது என்பதைச் செல்லப்பா எங்கேயும் எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் அது இருக்கிறது. இதில் முன்கதை, பின்கதை, காதல், தாத்தா காலத்துப் பகை என்று சேர்க்க ஆரம்பித்தால் அந்தப் பகல் கலைந்துவிடும். சேர்க்காமல் ஒரு பகலையே இரண்டரை மணி நேரமாக எடுக்கத் துணிந்தால், முதல் தடவையாக ரெண்டாவது வாரம் வரை நான் பொறுக்க மாட்டேன்.

படம் வரும்போது வரட்டும். புத்தகம் காலச்சுவடு பதிப்பில் கிடைக்கிறது. நூறு பக்கத்துக்கு உள்ளேதான். உங்கள் ஊரில் மாடு அணைந்த பெரியவர் யாராவது இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டி, எங்கே சிரித்தார், எங்கே தலையை ஆட்டி மறுத்தார் என்று எனக்கு எழுதுங்கள்.